வா.யு. செங்கோட்டையன்

"ஊட்டு அடுப்புக்கு வர்ற கேஸ் சிலிண்டரத் தொறந்து, உள்ள இருக்கற வாயுவப் புடிச்சு, ஒண்ணோட ஒண்ணு கையக் கோத்துவுட்டு, பெட்ரோலாக்கி, அந்தப் பெட்ரோல்ல என்ற பழைய பியட்ட ஆழியாத்துல இருந்து வால்பாறைக்கு ஏத்தறேன். ஏத்தறது மட்டுமில்ல, போற வழியில என்ற பங்காளி கிருபாசங்கரோட கான்டெஸாவையும் மாட்டுக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போறேன். அப்பவும் என்ற இஞ்சின் ஒரு முக்கல் முக்காது, ஒரு முனகல் முனகாது. வேணும்னா எழுதி வெச்சுக்குங்க!"

கணபதி பேக்கரியின் பெஞ்சில் உட்கார்ந்து, தேங்காய் பன்னை டீயில் முக்கியபடி செங்கோட்டையன் இதைச் சொன்னபோது, பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் டீ மூக்கு வழியாக வந்தது. பேக்கரிக்காரர் கல்லாவை மூடிவிட்டுச் சிரித்தார். வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து, அந்த மனிதரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். கார்புரேட்டர் ரிப்பேர் யாகூப். உக்கடத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு பட்டறை. இஞ்சினைத் திறக்காமலே, காதை வைத்துக் கேட்டே எந்த வால்வு தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவார். செங்கோட்டையனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அன்று முதல் இன்றுவரை செங்கோட்டையன் சொன்ன ஒரு வார்த்தையையும் அவர் நம்பியதில்லை. நட்பு அதனால்தான் கெடாமல் இருந்தது.

"ஏனுங்க கவுண்டரே, ஒரு சந்தேகமுங்க" என்றார் யாகூப். "கட்டி இழுக்கறப்ப கான்டெஸாவுக்குள்ள உங்க பங்காளி உக்காந்திருப்பாருங்களா, எறக்கிவுட்டுருவீங்களா?"

"உக்காந்துதான் இருப்பானுங்க பாய். ஸ்டேரிங்கப் புடிச்சுட்டு, மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருப்பான்."

"அப்பச் சரிங்க. கனவுன்னா முழுசாக் காணோணும்" என்று சொல்லிவிட்டு யாகூப் டீயைக் குடித்து முடித்தார்.

செங்கோட்டையனின் வயிறு எரிந்துகொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது.

வேலைக்காலம் முழுவதையும் அவர் கடலோரத்துப் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் கழித்தவர். கச்சா எண்ணெயைக் காய்ச்சி உடைக்கும்போது கூடவே கிளம்பி வரும் லேசான வாயுக்களை, உயரக் குழாயின் உச்சியில் வீணாக எரியவிடாமல் மடக்கிப் பிடித்து, முதல் தரமான பெட்ரோல் சரக்காக மாற்றும் பிரிவு அவருடையது. அந்தச் சரக்கைக் கலக்காவிட்டால் நாட்டில் ஒரு வண்டியும் ஏற்றம் ஏறாது என்பது அவர் கணக்கு. தான் ஒருநாள் லீவு போட்டால் டில்லியில் கார்கள் நடுரோட்டில் நின்றுவிடும் என்றும் சொல்வார். ஓய்வு பெற்றுக் கோயமுத்தூரில் கணபதிப் பகுதிக்குத் திரும்பியதும், குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் போனார். பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலைக்காரரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கிருபாசங்கர் மைக்கைக் கையில் எடுத்தான். சித்தப்பா மகன். உடுமலையில் தேங்காய் மண்டி, கொப்பரைக் களம், சிவப்புக் கலரில் கான்டெஸா கார், கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவர் பதவி எல்லாம் அவனுக்கு உண்டு. கொங்கு நாட்டில் ஒருவன் கழுத்தை அறுப்பதானாலும் "சித்த தலையத் தூக்குங்க" என்று மரியாதையாகக் கேட்டுத்தான் அறுப்பார்கள். கிருபாசங்கரும் அப்படித்தான் அறுத்தான்.

"ஏனுங்க, பந்தி பரிமாறுறவங்க கவனிங்க. வாயு அண்ணன் வந்து உக்காந்திருக்காருங்க. மொச்சக்கொட்ட, உருளக்கெழங்கு ரெண்டும் அந்த எலைக்கு வேண்டாமுங்க. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் பக்கத்துல உக்காந்து நிம்மதியாச் சாப்புடோணும் பாருங்க!"

பந்தி சிரித்த சிரிப்பில் இலையில் இருந்த ரசமெல்லாம் தரைக்கு ஓடியது. அன்று முதல் அவர் வாயுக் கவுண்டர் ஆனார். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் பதித்தபோது, அதில் 'ரா. செங்கோட்டையன்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'வா.யு. செங்கோட்டையன்' என்று இருந்தது. ஏதோ அப்பன் பெயரும் பாட்டன் பெயரும் போல, நடுவில் புள்ளி வைத்து, அழகாக, ஆழமாக.

"கல்லு கொத்துறவன் தப்புங்கண்ணா" என்றான் கிருபாசங்கர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கல்லுல வெட்டுனத அழிக்க முடியுங்களா? பேரப்பசங்க வந்து பாத்து, நம்ம தாத்தன் பேரு பெருசா இருக்குதேன்னு சந்தோசப்படட்டும்."

வீட்டுக்கு வந்த செங்கோட்டையன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சாந்தாமணி சமாதானம் சொல்லுகிற ஜாதி அல்ல.

"ஏனுங்க, அந்தக் கல்லு அங்க இருக்கற வரைக்கும் நான் அந்தக் கோயில் வாசப்படி ஏறமாட்டேன். உங்களுக்கு என்ன தெரியுமோ அத வெச்சு அவன் வாய அடைச்சுப்போட்டு வாங்க."

"எனக்கு வாயு மட்டுந்தான் தெரியும் அம்மணி."

"அப்ப அதுலயே அடைங்க!"

பேக்கரியில் அவர் அளந்தது கிருபாசங்கர் காதுக்குப் போக, இப்படித்தான் ஒரு பந்தயம் பிறந்தது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆழியாறு அடிவாரத்தில் இருந்து வால்பாறை பஸ் ஸ்டாண்டு வரை, நாற்பது கொண்டை ஊசி வளைவு. செங்கோட்டையன் தன் கையால் வாயுவில் இருந்து செய்த பெட்ரோலை மட்டுமே ஊற்றி, கான்டெஸாவை முந்தி ஏறினால், கல்லைப் பெயர்த்துச் சரியான பெயரோடு வேறு கல் வைக்கவேண்டும். தோற்றால் கல் அப்படியே இருக்கும். கும்பாபிஷேகத்தன்று செங்கோட்டையனே அந்தக் கல்லுக்குப் பாலூற்றி, 'வாயு' என்று சத்தமாக வாசித்துக்காட்டவேண்டும். நடுவர் யாகூப். அதைக் கேட்டது கிருபாசங்கர்தான்.

"பாய் உங்க சேக்காளியா இருந்தாலும் பொய் பேச மாட்டாருங்கண்ணா. அதுலயும் நீங்க சொன்ன எதையும் அவரு நம்புனதே இல்ல. அந்த ஒரு தகுதி போதும்."

செங்கோட்டையன் வீட்டுப் பின்புறத்துக் கொட்டகையில் வேலை தொடங்கியது. பழைய மில்லில் கழித்துப்போட்ட பாய்லர் குழாய் ஒன்று, பம்பு செட்டு பவுண்டரியில் சொல்லி வார்த்த தடித்த மூடிகள், ஆலையில் இருந்தபோது பொறுக்கிச் சேர்த்து டால்டா டப்பாவில் அடைத்துவந்த அமிலம் ஊறிய மண் உருண்டைகள். உருண்டைகள் பார்ப்பதற்கு எள்ளுருண்டை மாதிரியே இருந்தன. சாந்தாமணியின் அக்கா பழனாத்தாள் ஒருநாள் ஒன்றை எடுத்து வாயில் போடப்போய், செங்கோட்டையன் போட்ட கூச்சலில் சரவணம்பட்டி வரை காக்கை பறந்தது.

யாகூப் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். மூக்கைச் சொறிந்தார்.

"இதுக்குள்ள வாயு போனா பெட்ரோல் வருமுங்களா?"

"பாய், சிலிண்டருக்குள்ள இருக்கறது எல்லாம் ஒரே ஜாதி வாயு இல்லீங்க. சிலது குடும்பஸ்தன், தேமேன்னு இருக்கும், ஆரு கூடயும் சேராது. சிலது கலியாணத்துக்கு நிக்கற எளவட்டம், கைய நீட்டிட்டே நிக்கும். சூடும் அழுத்தமும் குடுத்து இந்த உருண்டை மேல தள்ளிவுட்டா, எளவட்டம் ரெண்டு கை கோத்துக்கும். வாயுவாப் போனது தண்ணியா வெளிய வரும். அதான் பெட்ரோலு. அதுலயும் ஒசத்திப் பெட்ரோலு."

"அப்ப உருண்டை கரைஞ்சு போயிருமுங்களா?"

"உருண்டைங்கறது நம்ம அருமைக்காரர் மாதிரி. கலியாணத்த முன்ன நின்னு நடத்திவெப்பாரு. அதுக்குன்னு பொண்ணு ஊட்லயா குடியிருக்கறாரு, மாப்ள ஊட்லயா குடியிருக்கறாரு? துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு அடுத்த கலியாணத்துக்குப் போயிருவாரு."

"கத நல்லாருக்குதுங்க" என்றார் யாகூப்.

அவரை நம்பவைக்க வேறு வழியில்லை. "உங்க ஊட்டு சிலிண்டரையே கொண்டாங்க. காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் முன்னால உக்காந்து பாருங்க" என்றார் செங்கோட்டையன். அந்தக் காலத்தில் சிலிண்டர் என்பது தங்கம். பதிந்துவிட்டுப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோலக் காத்திருக்கவேண்டும். யாகூப்பின் மனைவி ரம்ஜான் பீவி சிலிண்டரைக் கொடுத்தார், கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தார்: "திரும்பி வர்றப்ப அடுப்பு எரியலேன்னா, புது சிலிண்டர் வர்ற வரைக்கும் நாம எல்லாரும் கவுண்டர் ஊட்லதான் சாப்பாடு. புள்ளகுட்டியோட வந்துருவோம்னு சொல்லிருங்க."

யாகூப் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குழாய் சூடாகியது. அழுத்தம் காட்டும் முள் ஏறியது. அக்கம்பக்கத்தார் எல்லாம் திடீரென்று ஒறம்பரை வீட்டு ஞாபகம் வந்து கிளம்பிப்போனார்கள். நெடுநேரம் கழித்து, ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடந்த செம்புக் குழாயின் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. விழுந்தது. பிறகு இன்னொன்று. தண்ணீர் போலத் தெளிவாக, கலரே இல்லாமல். கை சேராத மிச்ச வாயு வேறு குழாய் வழியாகச் சமையலறைக்குப் போய், சாந்தாமணியின் அடுப்பில் கொள்ளுப் பருப்பை வேகவைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் தகரடப்பாவின் அடியில் பெட்ரோல் தளும்பியது.

"இப்ப என்ன சொல்றீங்க பாய்?"

யாகூப் டப்பாவை முகர்ந்தார். கொட்டகைக்குப் பின்னால் போய் வேறு குழாய் எதுவும் மண்ணுக்குள் வருகிறதா என்று காலால் கிளறிப் பார்த்தார். "கண்ணுல பாக்கறது வேறங்க, நம்பறது வேறங்க. பொருட்காட்சியில ஒருத்தன் பொண்ண ரெண்டா அறுத்தான், அதையும் நான் கண்ணுலதான் பாத்தேன். என்ற காது சொல்லோணும். இஞ்சின்ல ஊத்துங்க, கேக்கறேன்."

இஞ்சினில் ஊற்றுவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. நல்ல பெட்ரோல் ஊற்றினால் மட்டும் வண்டி பறந்துவிடாது. பெட்ரோலின் தரத்தை அளக்கிற ஆக்டேன் என்பது பலம் அல்ல, பொறுமை. பிஸ்டன் மேலே வந்து அமுக்குகிறபோது, பிளக் பொறி விடும்வரை காத்திருப்பது நல்ல பெட்ரோல். அதற்குள் அவசரப்பட்டுத் தானாக வெடித்து, பிஸ்டன் மண்டையில் சுத்தியலால் அடிப்பது மட்டமான பெட்ரோல். அந்த அடிக்கு இங்கிலீஷில் 'நாக்' என்று பெயர். கோயமுத்தூர் பட்டறைகளில் அதை 'நாக்கு அடிக்குது' என்பார்கள். பொறுமையான பெட்ரோல் கையில் இருந்தால், இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இழைத்து, இடத்தைக் குறுக்கி, இன்னும் இறுக்கி அமுக்கலாம். அப்போதுதான் பலம் வரும். யாகூப் பியட்டின் ஹெட்டை அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, சீவினார். பட்டறைக்காரர்கள் அதை 'மொட்டை போடறது' என்பார்கள்.

செங்கோட்டையன் இதை ரகசியமாக வைத்திருப்பார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. பேக்கரியில் சொன்னார். சலூனில் சொன்னார். காந்திபுரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னார். ஹெட்டுக்கு மொட்டை போட்டது, வாயுவில் பெட்ரோல் காய்ச்சியது, இரண்டையும் சேர்த்து, கைகால் ஆட்டிச் சொன்னார். அரைகுறையாகக் கேட்ட பழனாத்தாள் வீட்டுக்கே வந்து, அவர் தலையைத் தடவிப் பார்த்து, "பழனிக்குப் போயி மொட்ட போட்டீங்கன்னாங்க, முடி அப்படியே இருக்குதுங்களே?" என்று கேட்டார்.

சாந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, இப்படித் தமுக்கடிச்சுட்டுத் திரியறீங்களே, அத்தனையும் அந்தக் கிருபாசங்கர் காதுக்குப் போயிராதா?"

"போகோணும் அம்மணி. அதுக்குத்தான் சொல்றேன்." செங்கோட்டையன் குரலைத் தாழ்த்தினார். கண்ணில் ஒரு குரூரமான குஷி மின்னியது. "நான் சொல்றத எவன் முழுசா நம்பியிருக்கறான்? ஹெட்டுக்கு மொட்ட போட்டது நடக்கற காரியம், அத நம்புவான். வாயுவுல பெட்ரோலு, அது வாயுக் கவுண்டன் வுடற கத, அதத் தள்ளிருவான். பாதிய எடுத்துட்டுப் பாதிய வுட்டான்னா, அவன் கைல இருக்கறது கார் இல்ல, பாடை."

சாந்தாமணி கணவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அன்று அவருக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்துப் போட்டார்.

அடுத்த வாரம் பொள்ளாச்சி ரோட்டில் அந்தப் பாதிக்கு ஒரு சாட்சியும் காட்டினார். கிணத்துக்கடவு தாண்டிக் கிருபாசங்கரின் கான்டெஸா போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த பியட் ஒரு ஆரன் அடித்து, கான்டெஸாவைத் தாண்டிப் போயிற்று. போன வேகத்தில் கான்டெஸாவின் முன்கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஒருமுறை திரும்பிப் பார்த்தன. சாலையோரப் புளியமரங்கள் பியட்டுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. கிருபாசங்கருக்கு வியர்த்துவிட்டது. மறுநாளே உடுமலையில் ஒரு பட்டறையில் கான்டெஸாவை நிறுத்தினான்.

"அவன் அரை நூலு சீவியிருக்கறான். நமக்கு ஒரு நூலு சீவுங்க!"

பட்டறைக்காரர் தயங்கினார். "ஏனுங்க, அவ்வளவு சீவுனா பங்க் பெட்ரோலு தாங்காதுங்க. அவரு ஏதோ தனிப் பெட்ரோலு செய்றாருன்னு…"

"வாயுவுல செய்றானாமா!" கிருபாசங்கர் சிரித்தான். "நீங்களுமா நம்பறீங்க? சீவுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழியாறு அணைத் தண்ணீர் வெள்ளித் தாம்பாளமாக மின்னியது. ஒறம்பரை பாதிப் பேர் முதல் பஸ்ஸிலேயே வால்பாறைக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் இடம் பிடித்திருந்தார்கள். யாகூப் தன் கையால் பியட்டுக்கு நான்கு புது பிளக் மாட்டினார். டேங்கைத் துடைத்துக் காயவைத்து, தகரடப்பாவில் இருந்ததை ஊற்றி, மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு முன்சீட்டில் ஏறி, டேஷ்போர்டில் காதை வைத்து உட்கார்ந்தார்.

"போலாமுங்களாண்ணா?" என்றான் கிருபாசங்கர், கண்ணாடியை இறக்கி. "மேல போயி உங்களுக்கு ஒரு டீ சொல்லி வெக்கறேன். ஆறிப்போனாலும் பரவால்ல, வாயுவுக்கு ஆறுன டீ நல்லதுங்க."

"சொல்லி வையுங்க தம்பி. சக்கரை கம்மியா."

கான்டெஸா சீறிக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவில் அது முன்னால். மூன்றாவது வளைவில் வாலும் தெரியவில்லை. யாகூப் நெற்றியைத் தேய்த்தார். "கல்லுக்கு எத்தன லிட்டர் பாலு வாங்கோணுமுங்க?"

"காத வெச்சுட்டு இருங்க பாய்."

வெயில் ஏற ஏற ஏற்றமும் ஏறியது. கான்டெஸாவின் இஞ்சின் சூடாகி, உள்ளே பங்க் பெட்ரோல் பொறுமை இழக்கத் தொடங்கியது. முதலில் மணல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு 'டிங் டிங்'. கிருபாசங்கருக்கு அது கேட்கவில்லை, ஏனென்றால் அவன் ஜெயிக்கிற குஷியில் டேப் ரிக்கார்டரை முழுச் சத்தத்தில் வைத்திருந்தான். இஞ்சின் கத்தியது, இவன் பாட்டைக் கூட்டினான். இஞ்சின் அலறியது, இவன் கூடவே பாடினான். ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்த்து நின்ற டூரிஸ்டுகள், பாத்திரக் கடையே உருண்டு வருகிறது என்று ஒதுங்கினார்கள். குரங்குகள் குட்டிகளின் காதைப் பொத்திக்கொண்டு மரத்துக்கு மேலே ஓடின. நாக்கு நீண்டவனுக்கு நாக்காலேயே சாவு என்பதுபோல், இஞ்சின் அடித்தது அடித்தபடி இன்னும் சில வளைவு ஏறி, கடைசியில் 'டமார்' என்று ஒரே ஒரு வார்த்தை பேசியது. ஒரு பிஸ்டன் நடுவில் ஓட்டை விழுந்து, வெள்ளைப் புகை கிளம்பி, காடே திருநீறு பூசிக்கொண்டது.

புகைக்குள் இருந்து கிருபாசங்கர் இருமிக்கொண்டே இறங்கியபோது, பியட் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. செங்கோட்டையன் தாண்டிப் போயிருக்கலாம். போனால் அவர் செங்கோட்டையன் இல்லை.

"ஏனுங்க தம்பி, வண்டிக்குச் சொகமில்லீங்களா?"

கிருபாசங்கர் பஸ் ஏதாவது வருகிறதா என்று கீழ்ரோட்டை எட்டிப் பார்த்தான்.

"பஸ்ஸு வரும், ஆனா படியில கூட எடமிருக்காதுங்க. பொழுது சாஞ்சா யானை வரும். டிக்கியில தேங்கா இருக்குதுங்களா? அப்ப நிச்சயம் வரும்." செங்கோட்டையன் பின்பக்கம் போய், சுருட்டி வைத்திருந்த புது மாட்டுக் கயிற்றை எடுத்தார். "கட்டிக்கறீங்களா?"

கிருபாசங்கரின் மூளை அந்த அவமானத்திலும் வேலை செய்தது. ஹெட்டைச் சீவிய கிழட்டு பியட். இந்த வெயில், இந்த ஏற்றம், பின்னால் கான்டெஸாவின் பாரம். இழுத்தால் இரண்டே வளைவில் இதன் இஞ்சினும் தீர்ந்துவிடும். இரண்டு பேரும் நடுக்காட்டில் நின்றால் பந்தயமும் இல்லை, கல்லும் அப்படியே இருக்கும்.

"ரொம்பச் சந்தோசமுங்கண்ணா" என்றான். "கட்டுங்க."

யாகூப் காரில் இருந்து இறங்கி ஓடிவந்தார். "கவுண்டரே, வேண்டாமுங்க! தனியா ஏறுனாலே பெருசு. இழுத்தீங்கன்னா இப்பவே நாக்கு அடிச்சு, பிஸ்டன் போயிரும். ஜெயிச்ச பந்தயத்தக் கெடுத்துக்காதீங்க. கல்ல நெனச்சுப் பாருங்க."

செங்கோட்டையனின் கை ஒரு நொடி நின்றது. யாகூப் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இஞ்சின் போனால் அந்த இரண்டு எழுத்தும் இரண்டு புள்ளியும் அவர் செத்தபிறகும் வாசலில் இருக்கும். ஆனால் அவனைக் கயிற்றில் கட்டாமல் மேலே போய் என்ன பிரயோசனம்? முடிச்சை இழுத்து இறுக்கினார்.

பியட் இரண்டாவது கியரில் கிளம்பியது. கயிறு விறைத்தது. கான்டெஸா அசைந்தது. யாகூப் கண்ணை மூடி, காதை டேஷ்போர்டில் அழுத்தினார். ஒரு வளைவு. சத்தமில்லை. இன்னொரு வளைவு. ரேடியேட்டர் ஊசி சிவப்பைத் தொட்டது. அமிலம் ஏறிய வயிறுபோல இஞ்சின் உறுமியது, ஆனால் அந்த 'டிங்' வரவில்லை. "இப்ப வரும்" என்றார் யாகூப் வாய்க்குள். அடுத்த வளைவிலும் "இப்ப வந்துரும்" என்றார். தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து நின்று, ஒரு குட்டிக் காரின் பின்னால் ஒரு பெரிய கார் கன்றுக்குட்டிபோல வருவதைப் பார்த்துக் குலவையிட்டார்கள். ஒவ்வொரு எஸ்டேட் டீக்கடையிலும் செங்கோட்டையன் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார். "பின்னால வர்றது என்ற தம்பிங்க! உடுமலையில பெரிய மண்டி வெச்சிருக்கறாருங்க! எல்லாரும் ஒரு கும்புடு போட்டுக்குங்க!" மலைச்சனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். கும்பிட்டார்கள். கிருபாசங்கரும் ஸ்டேரிங்கில் இருந்து கையெடுத்துத் திருப்பிக் கும்பிட வேண்டியதாயிற்று.

வால்பாறை பஸ் ஸ்டாண்டில் பஸ் டிரைவர்கள் ஆரன் அடித்து வரவேற்றார்கள். ஒறம்பரை வாய் பிளந்து நின்றது. கான்டெஸா நின்றதுதான் தாமதம், கிருபாசங்கர் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே குதித்தான்.

"ஏரோப்ளேன் பெட்ரோலு!" என்று கத்தினான். "செல்லாதுங்க! எங்கியோ ஏரோப்ளேன் பெட்ரோலு வாங்கி ஊத்திட்டு வாயுவுல செஞ்சேன்னு புளுகறாரு! எந்த மனுசன் இந்தப் பாரத்த இழுப்பான், எந்த பியட்டு இழுக்கும்? பந்தயம் என்ன? தன் கையால செஞ்ச பெட்ரோலு! பாய், நீங்க சொல்லுங்க. நீங்க நடுவரு. இவரு சொன்னத எந்தக் காலத்துலயாவது நம்பியிருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றார் யாகூப்.

"கொட்டாயில வந்து பாத்தீங்களே, அப்பவாவது நம்புனீங்களா?"

"இல்லீங்க."

"கேட்டுக்குங்க!" என்று கிருபாசங்கர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். ஒறம்பரை முணுமுணுத்தது. செங்கோட்டையனுக்கு ஆயுசு முழுவதும் விட்ட கதையெல்லாம் வரிசையாக வந்து எதிரே நிற்பதுபோல் இருந்தது. சொன்னதில் ஒன்றே ஒன்று நிஜம், அதற்குச் சாட்சி சொல்லவேண்டியவர் தன்னை ஒருநாளும் நம்பாத மனிதர்.  

யாகூப் பானெட்டைத் தூக்கினார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, சுடச்சுட ஒரு பிளக்கைக் கழற்றினார். நுனியை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஊதினார். இன்னொன்றைக் கழற்றினார். நான்கையும் கழற்றித் துண்டின்மேல் வரிசையாக வைத்தார். பஸ் ஸ்டாண்டே எட்டிப் பார்த்தது. சாவியால் டேங்க் பூட்டைத் திறந்து, ஒரு குச்சியை விட்டெடுத்து, அதில் ஒட்டிய ஈரத்தைத் தன் வெள்ளை வேட்டியில் தேய்த்தார். கறையே இல்லாமல் உலர்ந்தது. 

"ஏரோப்ளேன் பெட்ரோலுன்னா நீலச் சாயம் கலந்திருப்பாங்க. வேட்டியில புடிச்சிருக்கும்" என்றார் கிருபாசங்கரைப் பார்த்து. "அதுல ஈயம் ஜாஸ்திங்க. பங்க் பெட்ரோலுலயும் ஈயம் இருக்குதுங்க. எதை ஊத்துனாலும் பிளக்குல சாம்பலாட்டப் படிஞ்சிருக்கோணும். காலையில நான் மாட்டுன பிளக்குங்க இது. பாருங்க, சுக்குக்காப்பி கலரு. ஈயத்தப் பாத்தே இருக்காது. இப்படி ஒரு பிளக்க என்ற ஆயுசுல பாத்ததில்லீங்க."

"அதுனால?" என்றான் கிருபாசங்கர். குரல் இறங்கியிருந்தது.

"அதுனால, எந்தப் பங்க்குலயும் வாங்காத, எந்த ஏரோப்ளேன்லயும் எறக்காத பெட்ரோலு இதுங்க. எம்பட ஊட்டு அடுப்புல கொழம்பு கொதிக்க வேண்டிய வாயுவு. நான் உக்காந்து பாத்தேன், நம்பல. டேங்குல ஊத்துனேன், நம்பல. அங்கிருந்து இங்க வரைக்கும் காத வெச்சுட்டு வந்தேன், ஒரு தடவ அடிக்கும், ஒரே ஒரு தடவையாவது அடிக்கும், இந்த மனுசன் வாழ்நாள்ல ஒருக்காவாவது மாட்டுவாருன்னு." யாகூப் பிளக்கைத் துண்டில் துடைத்தார். செங்கோட்டையனை நிமிர்ந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. பிளக்கைப் பார்த்தே சொன்னார்.

"அடிக்கலீங்க. இந்தப் பாவி மனுசன் சொன்னது அத்தனையும் நெசமுங்க. நடந்துபோச்சுங்க."